பதினேழாவது படத்தில் ஒரு சாயா கிளாஸ்

1

வருஷத்துக்கு இரண்டு தடவை என் வீடு எனக்கு மெயிலில் வரும். பம்பாய் செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் வீடு. முன்கதவு, ஹால், சமையலறைக் குழாய், பாத்ரூம் டைல்ஸ், ஜன்னல் கம்பி என்று நாற்பது படம் வரும். மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி பார்ப்பேன். எங்கே குறை, எதை மறைக்கிறார்கள் என்று.

படம் அனுப்புகிறவர் சண்முகவேல். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். என்னைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். ஆள் பிடிப்பது, போலீஸ் வெரிஃபிகேஷன், கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கமான ஸொசைட்டியின் சம்மதக் கடிதம், பதினோரு மாத ஒப்பந்தம், குழாய் ஒழுகினால் பிளம்பர், எல்லாம் அவர் பொறுப்பு. சந்தேகப்படுவது மட்டும் என் பொறுப்பு.

இங்கே நானும் என் கணவர் ராஜனும் இருப்பதும் வாடகை வீட்டில்தான். வாங்கலாம் வாங்கலாம் என்று இருந்து, வாங்குகிற வயசு தாண்டிவிட்டது. "வீடு இருக்கிற ஊர்ல நாங்க இல்ல, நாங்க இருக்கிற ஊர்ல வீடு இல்ல" என்று விருந்தாளிகளிடம் சொல்லி ராஜன் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்மென்ட். அதற்கப்புறம் செம்பூருக்கே போய் இருந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டாம் என்று சண்முகவேலிடம் நாலு மாதம் முன்பே சொல்லிவிட்டேன். "பாப்போம் மேடம்" என்றார். வீடு என்னுடையது, இவர் என்ன பார்ப்பது என்று அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

சாவியை அவர் கையில் கொடுத்து மூன்று வருஷம் ஆன வாரத்தில்தான் இந்தத் தடவை படங்கள் வந்தன. பதினேழாவது படம் ஹால் ஜன்னல். ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடி கிளாஸ், பாதி குடித்த சாயா. பக்கத்தில் ஒரு தட்டில் கடித்து வைத்த சமோசா.

"ராஜன், இங்க வாங்க. இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். "சமோசா. நல்லா இருக்கும் போல."

"நம்ம மேனேஜர் நம்ம வாடகைக்காரங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கார்."

"சாப்பிட்டா என்ன? மனுஷன் வெயில்ல அலைஞ்சு வந்திருப்பார்."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க திருச்சியில சொந்த வீட்டுல பிறந்தவர்" என்றேன்.

மறுபடி முதல் படத்திலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடினேன். பின்பக்க அறையின் படம் இல்லை. அறைக் கதவின் படம் இருந்தது, மூடியபடி.

2

எனக்கு ஏன் இப்படி ஒரு புத்தி என்று கேட்பவர்களுக்காக மாட்டுங்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதுவரை எழுத்தில் நான் சொல்லாத விஷயம்.

நான் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போகும்வரை இருந்தது மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். பழைய வாடகைச் சட்டத்தில் ஒருமுறை உள்ளே வந்த குடும்பத்தைக் கிளப்புவது பம்பாயில் லேசான காரியம் இல்லை. ஆனால் உள்வாடகைக்கு விட்டது தெரிந்தால் கிளப்பலாம். அப்பா பின்பக்க பால்கனியை அடைத்து ஒரு அறையாக்கி, அதில் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேரைக் குடிவைத்திருந்தார். அந்த அறைக்குப் போகும் வழியில் ஒரு திரை தொங்கும்.

வீட்டுக்காரர் ஒரு குஜராத்தி சேட். அவர் இருந்தது கப்பலேறிப் போய் ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில். அவர் சார்பில் மாதாமாதம் வந்து வீட்டைப் பார்த்துப் போவது அவருடைய கணக்கப்பிள்ளை. மேத்தாஜி என்று கூப்பிடுவோம். கறுப்புத் தொப்பி, கையில் குடை, மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நிற்பார். அவர் வருகிற நாள் அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு விடியற்காலையே உளுந்து ஊறும். அவர் நாற்காலியில் உட்காரவும், தட்டில் நாலு வடை சுடச்சுட வரவும் சரியாக இருக்கும். மேத்தாஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் வீட்டைப் பார்க்க வந்ததை மறந்துவிடுவார்.

அப்போது என் வேலை திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிப்பது. படிக்கிற பெண்ணை எழுந்திரு என்று சொல்ல அந்த நல்ல மனிதருக்கு மனசு வராது என்று அம்மாவுக்குத் தெரியும். கலிங்கப் போரும் அசோகர் மனம் மாறியதும் இருந்த பக்கத்தை மூன்று வருஷம் திருப்பாமல் வைத்திருந்திருக்கிறேன். இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வேன்.

ஒருநாள் மேத்தாஜி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சேட் எழுதியிருந்தார். அந்த மூன்றாவது மாடி வீட்டில்தான் அவர் பிறந்தாராம். உடம்பு தளர்ந்துவிட்டது, கடைசிக் காலத்தில் அங்கே வந்து இருக்க ஆசை, குடும்பத்திடம் தயவாகக் கேட்டுப் பார் என்று எழுதியிருந்ததை மேத்தாஜி ஹிந்தியில் படித்துச் சொன்னார். அப்பா என்னைக் காட்டி, "பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை, அது முடியட்டும்" என்றார். அம்மா இன்னும் இரண்டு வடையைத் தட்டில் வைத்து, "சேட்ஜி ஆயேகா தோ பஹுத் வடா பனாயேகா" என்றாள். சேட் வந்தால் நிறைய வடை சுட்டுத் தருவேன் என்று அர்த்தம். மேத்தாஜி கண் கலங்கிவிட்டார். நல்ல குடும்பம் என்று மொம்பாசாவுக்கு எழுதியிருப்பார்.

என் பத்தாவது முடிந்தது. பிறகு காலேஜ் பரீட்சை வந்தது, பிறகு என் கல்யாணம். சேட் மொம்பாசாவிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் கட்டடத்தை ஒரு பில்டருக்கு விற்றார்கள். பில்டர் எங்களைக் கிளப்புவதற்காகக் கொடுத்த பணத்தில் வாங்கியதுதான் செம்பூர் வீடு. அப்பா அதை என் பெயருக்கு எழுதினார்.

இப்போது சொல்லுங்கள். ஜன்னலில் சாயா கிளாஸைப் பார்த்தால் எனக்குப் பயம் வருமா, வராதா?

3

சண்முகவேலுக்குப் போன் போட்டேன்.

"பதினேழாவது படத்துல ஒரு சாயா கிளாஸ் இருக்கே?"

"எங்கன மேடம்? ஓ, அதுவா. நான் குடிச்சதுதான். பீர் பாய் வீட்ல குடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னாலும் விட மாட்டாங்கல்லா."

பீர் பாய் என்பது எங்கள் வாடகைக்காரர் பீர் முகமது. மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். மனைவி ஜைனம்பு, ஒரே பெண் ஷாஹினா. மூன்று வருஷம் முன்னால் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஸொசைட்டி கமிட்டியில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். வீடு என்னுடையது, ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெயில் போட்டு அவர்கள் வாயை அடைத்தது நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

"பின்னாடி ரூம் படத்தைக் காணோமே, சண்முகவேல்?"



"அங்கன பாப்பா படிச்சிட்டு இருந்துச்சு மேடம். பன்னெண்டாவதுல்லா. எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு வந்துட்டேன்."



"காலி பண்றதைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லுதேன் மேடம். பாப்பா பரீட்சை முடியட்டும். நீங்க டென்ஷனே எடுக்காதீங்க, நான் இருக்கேன்லா."

நீ இருக்கிறதுதான் ஐயா டென்ஷன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பட்டவர்களுக்குத்தான் சந்தேகம் வரும் என்பார்கள். படுத்தினவர்களுக்கு அதைவிட அதிகம் வரும். மூடிய அறை, படிக்கிற பெண், பரீட்சை, தட்டில் தீனி. எல்லாம் எங்கள் வீட்டுச் சரக்கு. யாரோ உள்வாடகைக்கு இருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பட்டறைத் தையல்காரர்கள் நாலு பேரை அந்த அறையில் படுக்க வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

பம்பாயிலேயே முலுண்டில் என் சித்தப்பா மகன் குமார் இருக்கிறான். மேனேஜரிடம் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை திடீரென்று போய் நில், எனக்கு வந்த தபால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி உள்ளே போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினேன். முக்கியமாக, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதே என்றேன். சிரித்தான்.

சாயங்காலம் கூப்பிட்டான். "அக்கா, ரொம்பத் தங்கமான மனுஷங்க. வீடு பளிச்சுனு இருக்கு."

குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "என்ன சாப்பிட்ட?"

"இல்லக்கா... சாப்பாட்டு நேரமாயிடுச்சு. இடியாப்பமும் பாயாவும். அந்தக்கா விடவே இல்ல."

"பின்னாடி ரூம்?"

"அது சாத்தியிருந்துச்சு. பொண்ணு படிக்குதாம். நான் எப்படிக்கா கதவைத் தட்டறது?"

மேத்தாஜி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் ஆவி முலுண்டில் குடியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதை என் மகள் அனுவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சிட்னியில் இருக்கிறாள், வாரத்துக்கு ஒரு போன். "அம்மா, நீ குமார் மாமாவை ஸ்பையா அனுப்பினியா? சீரியஸ்லி?" என்றாள். வீடு நம்முடையதில்லையா என்றேன். "உன்னோடது. எனக்கு அங்க ஒரு கடைக்காரரைக்கூடத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் போய் உக்காந்துட்டா, நான் யாரைப் பாக்க எங்க வரணும்?" என்று கேட்டாள். பாதி இங்கிலீஷில்தான் கேட்டாள். வலிக்க வேண்டிய இடத்தில் சரியாக வலித்தது.

4

அடுத்த ஞாயிறு யாரையும் நம்பாமல் நானே பீர் முகமதுவை வீடியோவில் கூப்பிட்டேன். அளவு நாடா தொங்கும் கழுத்தோடு திரையில் வந்தார். நான் மூன்று வருஷத்தில் அவரோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேடம், நீங்களா! ஜைனம்பு, இங்க வா, மேடம் பேசுதாங்க."

வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். காட்டினார். ஹால் சுத்தம். சமையலறையில் அம்மாவின் பழைய கிரைண்டரை நான் விட்டுவிட்டு வந்திருந்தேன், அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. பின்பக்க அறை என்றேன்.

"பிள்ள படிக்குது மேடம்."

"பரவாயில்ல. நான் பேசமாட்டேன், பாத்துட்டுப் போயிடுவேன்."

கதவு திறந்தது. தையல்காரர்கள் யாரும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைக்கு முன்னால் அந்தப் பெண். கையில் புத்தகம். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய திரை, கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவரை முழுக்க மூடிக்கொண்டு. அந்த வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

"ஷாஹினா, பின்னால என்னம்மா இருக்கு?"

"ஆன்ட்டி, வஹாங் குச் நஹி ஹை."

அங்கே ஒன்றுமில்லை என்று ஹிந்தியில் சொன்னாள். பயம் வந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓடிப்போய்விடும், என் பெண் இங்கிலீஷுக்குப் போவாள், இவள் ஹிந்திக்குப் போனாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கண் வரியில் ஓடவில்லை. திருப்பாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"திரையை விலக்குங்க" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பீர் முகமது விலக்கினார். சுவர் மேலிருந்து கீழ்வரை கறுத்திருந்தது. காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஒரு மூலையில் துருப்பிடித்த கம்பி. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் கால்வாசித் தண்ணீர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் நினைத்தது சரி, மறைத்திருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். அடுத்த நிமிஷம்தான், அந்த ஈரச் சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு ஒரு பெண் படிக்கிறாள் என்பது உறைத்தது.

"ரெண்டு மழைக்காலமா இப்படித்தான் மேடம்" என்றார் பீர் முகமது. "மேல் வூட்டு பாத்ரூம்லருந்து கசியுது. நாங்களே ரெண்டு தடவ பூசிப் பாத்தோம், நிக்கல. சண்முகவேல் அண்ணன் உங்ககிட்ட சொல்லணும்னுதான் சொன்னாரு. நான்தான் கெஞ்சினேன், சொல்லாதீங்கன்னு."

"ஏன்?"

"ரிப்பேருன்னு சொல்லி காலி பண்ணச் சொல்லுவாங்க. பம்பாய்ல எல்லா ஓனரும் அப்படித்தானே. எங்க பேரைச் சொன்னா இந்த ஏரியால யாரு மேடம் வூடு தருவா? பிள்ள பரீட்சை முடியட்டும்னு பாத்தோம்."

அதற்குள் ஜைனம்பு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் தட்டு இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இல்லை.

5

சண்முகவேலுக்கு ஒரு மெயில் எழுதினேன். நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தை அதில் மூன்று தடவை வந்தது. உங்கள் சேவை தேவையில்லை என்று முடித்தேன். அனுப்புவதற்குள் எங்கள் வீட்டுக்கே இன்ஸ்பெக்ஷன் வந்துவிட்டது.

இந்த ஊரில் வாடகைக்கு இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து படம் எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டுக்காரர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரியாது. வருகிற பெண் வாசலில் ஷூவைக் கழற்றுவாள், சிரிப்பாள், ஒரு கிளாஸ் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். கம்பெனி விதி. சண்முகவேல் இவளிடம் வந்து பாடம் படிக்க வேண்டும் என்று நான் ராஜனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஹாலில் கார்ப்பெட்டில் ஒரு பெரிய மஞ்சள் கறை. போன தீபாவளிக்கு ராஜன் கவிழ்த்த சாம்பார். எத்தனையோ தேய்த்தும் போகவில்லை. காலிங் பெல் அடித்ததும் ராஜன் அந்த இடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, மேலே நாற்காலியைப் போட்டு, "நீ இதுல உக்காந்து ஏதாவது படி" என்று ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தார். நானும் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஹாலுக்கு வந்தாள். படிக்கிறவளைப் பார்த்ததும், எழுந்திருக்க வேண்டாம், அப்படியே இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, சுவரைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபிறகு ராஜன் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே, "தப்பிச்சோம்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அறுபதைத் தாண்டியும் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மெயிலை அழித்தேன்.

சண்முகவேலைப் போனில் கூப்பிட்டு, உடனே சுவரைச் சரி செய்யச் சொன்னேன், மேல்வீட்டுக்காரரோடு ஸொசைட்டியில் சண்டை போட வேண்டியது என் வேலை என்றேன். பெண்ணின் பரீட்சை முடிகிறவரை அவர்கள் இருக்கட்டும், அதன்பிறகு நான் வருவேன் என்றேன். "மேடம், உங்கள மாதிரி ஓனரு..." என்று ஆரம்பித்தார். இனிமேல் எல்லா அறையையும் படம் எடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பீர் முகமதுவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ராஜனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அல்லா உங்கள நல்லா வைக்கட்டும் மேடம். உங்க வூடு, நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. வாரதுக்கு முந்தி ஒரு போன் மட்டும் போட்டுடுங்க. நீங்க வந்தா வட்டிலாப்பம் செஞ்சு வைக்கணும்னு ஜைனம்பு சொல்லுதா."

ராஜன், "எவ்வளவு நல்ல மனுஷங்க பாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. மேத்தாஜிக்கும் இப்படித்தான் கலங்கியது.

ஜைனம்பு மனசாரத்தான் சொல்லியிருப்பாள். அம்மாவும் மனசாரத்தான் சொன்னாள், அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பரீட்சை முடிகிற அன்றைக்கு இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. போன் போடாமல் போவதாக உத்தேசம். வாசலில் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று ராஜனிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவின் வடையைச் சாப்பிட்ட ஒருத்தர்கூட அந்த மாட்டுங்கா வீட்டைத் திரும்ப வாங்கவில்லை.